மேட்டை நோக்கி ஏறும் பள்ளத்தை நிறுத்துதல்: ஒரு கல் தடுப்பு வேலையின் பதிவு

வேலைக்கு எடுத்துக்கொண்ட பள்ளத்தின் அளவுகள் இவை: நீளம் 70 மீட்டர், மேல் அகலம் சராசரியாக 2.6 மீட்டர், அடி அகலம் 1.2 மீட்டர், ஆழம் 1.4 மீட்டர். படுகையின் சரிவு 6 சதவீதம். அதாவது 70 மீட்டரில் 4.2 மீட்டர் இறக்கம். பள்ளத்தின் மேல்முனையை, அதாவது தலையைத் தாண்டி மேலே ஏறத்தாழ 2 ஹெக்டேர் புல்தரை இருக்கிறது. அதன் சரிவு 4 சதவீதம், இடையிடையே மொட்டைத் திட்டுகள். இந்த அளவுள்ள பள்ளத்தை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் கணக்குப் போட்டால் இதிலிருந்து போன மண் சுமார் 186 கன மீட்டர். கன மீட்டருக்கு 1.4 டன் என்று வைத்தால் 260 டன். அதில் முதலில் போனது மேல்மண்.

இப்படிப்பட்ட பள்ளத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் தோன்றுவது அதை மண்ணாலோ கட்டட இடிபாடுகளாலோ நிரப்பிவிடலாம் என்பது. அது நிற்காது. கொட்டிய மண் இறுகாத மண். பக்கத்துத் தரையைவிட எளிதாகக் கரையும். இடிபாட்டுக் கற்களின் இடைவெளிகளில் தண்ணீர் புகுந்து அடிமண்ணை இழுத்துப் போகும். அடுத்த பெருமழையில் நிரப்பிய பொருளும் போய், பழைய பள்ளத்துக்குப் பக்கத்தில் புதிய பள்ளமும் வரும். பள்ளம் எதனால் நகர்கிறது என்பதைப் பிடித்தால்தான் எங்கே கல் வைப்பது என்று தெரியும்.

தலை எப்படி ஏறுகிறது

தண்ணீர் சரிவில் பரவலாக ஓடும்வரை மெல்லிய படலம்தான். ஆழம் சில மில்லிமீட்டர், வேகமும் குறைவு. ஏதோ ஒரு காரணத்தால் அது ஓரிடத்தில் சேர்ந்தவுடன் ஆழம் கூடும், ஆழத்தோடு வேகமும் இழுவிசையும் கூடும். முதலில் கீறல்கள் விழும். உழுதால் அவை மறைந்துவிடும். உழுதாலும் மறையாத அளவுக்கு ஆழமானால் அது பள்ள ஓடை. இங்கே நீரைச் சேர்த்தது கால்நடைகள் நேராக மேட்டிலிருந்து இறங்கிய ஒற்றையடித் தடம். மிதிபட்டு இறுகிய, புல்லில்லாத, சுற்றுப்புறத்தைவிட ஒரு சாண் தாழ்ந்த கோடு அது. இருபுறத்து நீரும் அதற்குள் இறங்கியது.

சரிவில் எங்காவது ஒரு சிறு படி உருவானால் நீர் அதிலிருந்து விழத் தொடங்கும். 1.4 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீர் அடியைத் தொடும்போது அதன் வேகம் வினாடிக்கு 5 மீட்டருக்கு மேல். அமெரிக்கப் பொறியாளர்கள் ஃபோர்டியரும் ஸ்கோபியும் 1926இல் வெளியிட்ட வாய்க்கால் அட்டவணையில், தெளிந்த நீர் ஓடும்போது மணல் கலந்த வண்டல்மண் தாங்கும் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 0.5 மீட்டர், கெட்டியான வண்டல்மண் 0.76, இறுகிய களிமண் 1.1 மீட்டர். விழும் நீர் இவற்றைப் போல ஐந்து முதல் பத்து மடங்கு வேகத்தில் அடிக்கிறது. அந்த இடத்தில் குழி விழும். குழி பின்பக்கமாகச் சுவரின் அடியைக் குடையும். மேலே தாங்கல் இல்லாமல் தொங்கும் மண், விளிம்புக்கு இணையாக வெடிப்பு விட்டு, கட்டியாகச் சரியும். சரிந்த மண்ணை அடுத்த வெள்ளம் அள்ளிப் போனதும் சுவர் மறுபடி செங்குத்தாக நிற்கும். தண்ணீர் கீழே ஓட ஓட, பள்ளத்தின் தலை மேட்டை நோக்கி ஏறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் பள்ளத்தின் நடுவில் மட்டும் தடுப்புக் கட்டி, தலையைத் தொடாமல் விட்ட வேலைகள் பயனில்லாமல் போகின்றன.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கை மனதில் வைக்க வேண்டும். நீரின் வேகம் இரட்டித்தால் அது நகர்த்தக்கூடிய கல்லின் குறுக்களவு நான்கு மடங்காகும், எடை 64 மடங்காகும். இது தலைகீழாகவும் உண்மை: வேகத்தைப் பாதியாக்கினால் நீர் தூக்கிவந்த பெரும்பகுதியை அங்கேயே போட்டுவிடும். தடுப்புகளின் வேலை இதுதான். நீரைத் தேக்குவதற்காக அவற்றை வைப்பதில்லை.

அளவெடுப்பு

மட்டம் பார்க்க 12 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள, உள்ளே பார்க்கக்கூடிய பிளாஸ்டிக் குழாய் 15 மீட்டர் போதும். இரண்டு நேரான கம்புகளில் சென்டிமீட்டர் அளவு ஒட்டி, குழாயின் இரு முனைகளையும் கட்டிக்கொள்ளலாம். குழாயில் ஒரே ஒரு காற்றுக்குமிழி தங்கினாலும் அளவு சில சென்டிமீட்டர் தவறிப்போகும். ஒவ்வொரு முறை தொடங்கும் முன்பும் இரண்டு கம்புகளையும் ஒரே இடத்தில் பக்கம் பக்கமாக நிறுத்தி, இரு முனையிலும் நீர் ஒரே அளவில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். வெயிலில் கிடந்த குழாயின் ஒரு பாதி சூடாகி மறுபாதி நிழலில் இருந்தாலும் சிறு பிழை வரும்.

படுகை மட்டத்தை 5 மீட்டருக்கு ஒரு முறை எடுத்தோம். கரையில் ஒட்டியிருந்த காய்ந்த சருகு, குச்சிகளின் கோடு போன வெள்ளம் எவ்வளவு உயரம் ஓடியது என்பதைக் காட்டியது: படுகையிலிருந்து 12 முதல் 14 சென்டிமீட்டர். இந்தக் கோடு கிடைத்தால் குறித்துக்கொள்ளத் தவறக் கூடாது. பின்னால் போடும் கணக்கைச் சரிபார்க்க இதைவிட நல்ல சான்று கிடையாது.

வெள்ள அளவுக்கு எளிய சூத்திரம்: வழிந்தோடும் விகிதம் × மழையின் செறிவு (மணிக்கு மில்லிமீட்டர்) × பரப்பு (ஹெக்டேர்), இவற்றின் பெருக்கலை 360ஆல் வகுத்தால் வினாடிக்கு எத்தனை கன மீட்டர் என்று வரும். மெலிந்த புல்தரைக்கு விகிதம் 0.4. இவ்வளவு சிறிய நீர்பிடிப்பில் எல்லா மூலையிலிருந்தும் நீர் வந்துசேரப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். அதனால் ஒரு நாள் மழையளவு இங்கே உதவாது. அந்தக் குறுகிய நேரத்தில் பெய்யும் செறிவுதான் வேண்டும். மணிக்கு 90 மில்லிமீட்டர் என்று எடுத்தோம். 0.4 × 90 × 2 ÷ 360 = வினாடிக்கு 0.2 கன மீட்டர். 1.2 மீட்டர் அகலமும் 6 சதவீதச் சரிவும் உள்ள கரடான படுகையில் இந்த அளவு நீர் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் ஆழத்தில், வினாடிக்கு 1.3 மீட்டர் வேகத்தில் ஓடும். சருகுக் கோட்டோடு இது பொருந்தியது. பொருந்தாமல் இருந்தால் கோட்டைத்தான் நம்ப வேண்டும்.

மண் சோதனை ஒன்று உண்டு. நேரம் கொஞ்சம்தான் பிடிக்கும், தவிர்க்கவே கூடாது. பள்ளச் சுவரின் அடிப்பகுதியிலிருந்து சுண்டுவிரல் நக அளவுள்ள காய்ந்த மண் கட்டிகளை எடுத்து, ஒரு கண்ணாடிக் குவளையில் மழைநீரோ வடித்த நீரோ ஊற்றி, கலக்காமல் மெதுவாகப் போட வேண்டும். குழாய் நீர் வேண்டாம். அதிலுள்ள உப்பு முடிவை மறைத்துவிடும். கட்டி உதிர்ந்து குவியலாக உட்கார்ந்து, நீர் தெளிவாக இருந்தால் பரவாயில்லை. கட்டியைச் சுற்றிப் பால் போலக் கலங்கல் பரவினால் அது சோடியம் மிகுந்த, நீரில் தானே கரைந்து பிரியும் மண். அங்கே தடுப்புக்குப் பின்னால் நீர் நின்றாலே மண்ணுக்குள் குழாய் போல ஓட்டை விழுந்து, தடுப்பைச் சுற்றி அடியில் பாதை போட்டுவிடும். அத்தகைய மண்ணில் ஜிப்சம் கலந்து மண்ணைத் திருத்தாமல் கல் தடுப்பு வைப்பது வீண். இங்கே நீர் தெளிவாக நின்றது.

தலைக்கு மேலே

நீரைத் திருப்பிவிடும் வாய்க்கால் ஒன்றைத் தலைக்கு மேலே வெட்டுவது பாடப்புத்தக முறை. அது நல்ல முறைதான், திருப்பிய நீரை இறக்கிவிட உறுதியான இடம் இருந்தால். அடர்ந்த புல் மூடிய தாழ்வோ, பாறைத் தரையோ இல்லாத இடத்தில் வாய்க்காலின் கடைவாயில் அடுத்த பள்ளம் பிறக்கும். இந்த நிலத்தில் அப்படி இடம் இல்லை. அதனால் நீர் வழக்கமான வழியிலேயே இறங்கட்டும், இறங்கும் இடத்தைக் கல்லால் கட்டுவோம் என்று முடிவானது.

மேற்சரிவில் சமமட்டக் கோட்டில் விட்டுவிட்டு வெட்டிய அகழிகள் மொத்தம் 200 மீட்டர். அகலம் 60, ஆழம் 50 சென்டிமீட்டர். எடுத்த மண்ணைக் கீழ்ப்பக்கம் வரப்பாகப் போட்டு, அகழிக்கும் வரப்புக்கும் இடையில் ஒரு சாண் இடம் விட்டோம். இல்லையென்றால் மண் உள்ளேயே சரியும். இவை வெள்ளத்தை நிறுத்திவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கொள்ளளவு 60 கன மீட்டர். 50 மில்லிமீட்டர் மழையில் 2 ஹெக்டேரிலிருந்து வழிவது 400 கன மீட்டர். ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் சேர்ந்து ஓடும் கோடுகளை அவை அறுக்கின்றன, மொட்டைத் திட்டுகளில் ஈரம் தங்கிப் புல் பிடிக்கிறது. அகழி முற்றிலும் சமமட்டத்தில் இருக்க வேண்டும், நீளமானதில் 5 மீட்டருக்கு ஒரு இடத்தில் வெட்டாமல் ஒரு திட்டு விட வேண்டும். ஒரு முனை தாழ்ந்தால் அகழி முழுவதும் அந்த முனையில் உடைத்துக்கொண்டு வெளியேறும். அகழியே பள்ளம் பிறப்பதற்குக் காரணமாகிவிடும்.

எங்கள் கணிப்பில் அகழிகளைவிட அதிகம் உதவியது தடத்தை மாற்றியது. பழைய தடத்தைக் கடப்பாரையால் ஒரு சாண் ஆழம் கிளறி, 8 மீட்டருக்கு ஒரு குறுக்கு வரப்பு போட்டு, முள் கிளைகளால் மறித்தோம். புதிய தடம் சரிவைக் குறுக்காகச் சாய்த்து ஏறுகிறது. இதைச் செய்யாமல் கல் வேலை மட்டும் செய்தால், கால்நடைகள் தடுப்பின் தோளையே (கரையை ஒட்டிய உயர்ந்த ஓரத்தையே) படிக்கட்டாக்கி இடித்துவிடும்.

தலைக்கட்டு

முதலில் பாதுகாப்பு. தலையின் விளிம்புக்கு மேலே தரையில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அந்த மண்ணை மேலிருந்து கடப்பாரையால் தள்ளிவிட்டபின்தான் யாரும் கீழே இறங்கலாம். குடைந்த சுவரின் கீழே குனிந்து வேலை செய்யவே கூடாது. ஒரு கன மீட்டர் ஈரமண் ஏறத்தாழ 1.8 டன்.

1.4 மீட்டர் செங்குத்துச் சுவரை 3க்கு 1 என்ற சாய்வாகச் சரித்தோம்: கிடையாக 4.2 மீட்டர், அகலம் 1.8 மீட்டர், நடுப்பகுதி ஓரங்களைவிட 20 சென்டிமீட்டர் தாழ்ந்த கிண்ண வடிவம். வெட்டிய மண் சுமார் 5 கன மீட்டர் வரும். அதைப் பள்ளத்துக்குள் தள்ளாமல் மேலே எடுத்து, தலையின் இருபுறமும் 35 சென்டிமீட்டர் உயரமுள்ள சிறகு வரப்புகளாகப் போட்டோம். இவை நீரைக் கல் தளத்துக்குள் திருப்பி அனுப்பும்.

கல்லின் அளவைக் கண்மதிப்பில் முடிவு செய்வதுதான் இந்த வேலையில் பெரும்பாலும் தவறுகிற இடம். ஓர் எளிய விதி இருக்கிறது: நீரின் ஆழத்தை மீட்டரில் எடுத்து, சரிவால் பெருக்கி, 12ஆல் பெருக்கினால், நகராமல் இருக்க வேண்டிய கல்லின் குறுக்களவு மீட்டரில் கிடைக்கும். படுகையில் 0.13 × 0.06 × 12 = 0.09, ஒன்பது சென்டிமீட்டர் கல்லே அங்கே நிற்கும். தலைச்சாய்வில் ஆழம் 7 சென்டிமீட்டராகக் குறைகிறது, ஆனால் சரிவு 0.33. பெருக்கினால் 0.28. அதனால் சாய்வில் 30 சென்டிமீட்டருக்குக் குறைந்த கல்லை மேல்வரிசையில் வைக்கவில்லை. நீர் கூடும் நடுக்கோட்டில் 35 முதல் 40 சென்டிமீட்டர். தளத்தின் கனம் 45 சென்டிமீட்டர்.

கல்லுக்குக் கீழே வடிகட்டு அடுக்கு: 5 சென்டிமீட்டர் பெருமணல், அதன்மேல் 10 சென்டிமீட்டர் சரளை. இந்த அடுக்கை மிச்சம் பிடித்தால், கல் அப்படியே இருக்க, அடிமண் இடைவெளி வழியாகக் கரைந்து வெளியேறி, தளம் முழுவதும் குழிந்து உட்காரும். மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஒரு நாள் திடீரென்று நடுவில் இறங்கும். மண்ணைத் தடுத்து நீரை மட்டும் விடும் ஜியோ டெக்ஸ்டைல் துணி கிடைத்தால் போடலாம். கூரான கல் துணியைக் கிழிக்காமலிருக்க அதன்மேல் ஒரு கை சரளை பரப்ப வேண்டும். பிளாஸ்டிக் தாளை மட்டும் போடவே கூடாது; ஊற்றுநீர் வெளியேற வழியின்றி தாளுக்குக் கீழே மண் சேறாகி வழுக்கும்.

கல் அடுக்குவது கீழிருந்து மேலே. அடியில் 50 சென்டிமீட்டர் ஆழமுள்ள குறுக்குக் குழி வெட்டி, இருப்பதிலேயே பெரிய கற்களை அதில் இறக்கினோம். மேலே உள்ள எல்லாக் கல்லின் பாரத்தையும் தாங்குவது இந்த வரிசை. தட்டையாகப் படுக்கவைக்காமல் கற்களை நிமிர்த்தி, நீண்ட பக்கம் மண்ணுக்குள் போகும்படி, ஒன்றோடொன்று இறுக நெருக்கினோம். கால் வைத்து மிதித்தால் ஆடும் கல்லை எடுத்து வேறு விதமாகப் பொருத்த வேண்டும். ஆடும் இடத்தில் சிறு கல்லை மேலிருந்து செருகுவது போதாது, வெள்ளத்தில் முதலில் போவது அந்தச் செருகுகல்தான்.

உச்சி வரிசைக்குத் தனிக் கவனம் வேண்டும். அதன் மேற்பரப்பு சுற்றுத் தரையைவிட 5 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். ஒரு கல் தரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தாலும் நீர் அதைச் சுற்றிப் பக்கத்தில் இறங்கும். ஒரு தலை இருந்த இடத்தில் இரண்டு தலைகள் வரும். சாய்வின் அடியில் 2 மீட்டர் நீளத்துக்குக் கல் பாவிய ஆழமற்ற கிண்ணம் ஒன்றையும் சேர்த்தால் தலைக்கட்டுக்கு மொத்தம் 6 கன மீட்டர் கல் ஆயிற்று.

தலைச்சுவர் ஒரு மீட்டருக்குள் இருந்தால் சாய்வுக்குப் பதிலாகக் கல் கிண்ணமாகவே கட்டலாம். அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் ஜூனி மக்களின் நிலத்தில் செய்துபார்த்துப் பரவிய முறை அது. நீர் ஒரே விழுதலாக விழாமல் படிப்படியாக இறங்கி, கிண்ணத்தில் தேங்கிய நீரின்மேல் விழும்.

படுகையில் தடுப்புகள்

இடைவெளிக் கணக்கு: கீழ்த்தடுப்பின் வழிந்தோடி (நீர் வழிய உச்சியின் நடுவில் தாழ்த்தி விட்ட இடம்) மட்டம், மேல்தடுப்பின் அடிமட்டத்தோடு சேர வேண்டும். வழிந்தோடி உயரம் 0.6 மீட்டர், சரிவு 0.06, வகுத்தால் 10 மீட்டர். 70 மீட்டரில் ஏழு தடுப்புகள். ஏழாவதன் வழிந்தோடி, தலைக்கட்டின் அடிக்கிண்ண மட்டத்துக்கு வருகிறது. வண்டல் நிரம்பும்போது அதன் மேற்பரப்பு முழுச் சமமாக இல்லாமல் லேசான சரிவோடுதான் உட்காரும் என்பதால் இடைவெளியைச் சற்றுக் கூட்டலாம் என்பார்கள். கல் தட்டுப்பாடு இல்லையென்றால் கூட்ட வேண்டாம். குறைந்த உயரத் தடுப்புகள் நிறைய இருப்பது, உயர்ந்த தடுப்புகள் சில இருப்பதைவிடப் பாதுகாப்பானது. உயரம் கூடினால் விழும் நீரின் வேகம் கூடும், பின்னால் நிற்கும் நீரின் அழுத்தம் கூடும், உடைந்தால் கீழே உள்ளதையும் சேர்த்து இடிக்கும்.

வழிந்தோடி அகலம் 1.2 மீட்டர், படுகையின் அடி அகலமும் அதுவே. அதற்கு மேல் அகலப்படுத்தினால் வழியும் நீர் கீழ்க்கரையின் காலில் விழுந்து அதை அரிக்கும். கடந்துபோகும் அளவு = 1.7 × அகலம் × உயரத்தின் ஒன்றரை அடுக்கு. வினாடிக்கு 0.2 கன மீட்டருக்கு 21 சென்டிமீட்டர் உயரம் போதும். நாங்கள் வைத்தது 35 சென்டிமீட்டர். அது இரண்டு மடங்கு வெள்ளத்தையும் தோள் மீறாமல் கடத்தும். கல் தடுப்புகள் முதல் மழைக்குப் பின் உட்காருவதால் இந்தக் கூடுதல் இடம் தேவைப்படும். தோள்களின் உச்சி படுகையிலிருந்து 95 சென்டிமீட்டர். கரைக்கு இன்னும் 45 சென்டிமீட்டர் மிச்சம்.

ஒவ்வொன்றும் கட்டிய விதம்: படுகையில் குறுக்கே 30 சென்டிமீட்டர் ஆழம், 60 சென்டிமீட்டர் அகலத்துக்குக் காடி, அதாவது கல்லைப் பதிக்க வெட்டும் குழி. இரு கரைக்குள்ளும் 50 சென்டிமீட்டர் நுழையும் காடி, தோள் உயரம் வரை. காடியின் சுவரில் சரளை அடுக்கி, பிறகு கல். தடுப்பின் உச்சிக் கனம் 40 சென்டிமீட்டர்; மேல்பக்கச் சாய்வு 1க்கு 1, கீழ்ப்பக்கச் சாய்வு 2க்கு 1. கீழே 1.2 மீட்டர் நீளத்துக்கு 30 சென்டிமீட்டர் கனத்தில் கல் தளம், படுகைக்குள் புதைத்து, மேற்பரப்பு படுகை மட்டத்துக்கு வரும்படி. தளத்தின் கடைசி வரிசை மட்டும் 10 சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கும். அதனால் தளத்தின்மேல் சிறிது நீர் தேங்கி, விழும் வேகத்தை வாங்கிக்கொள்ளும். ஒரு தடுப்புக்கு ஏறத்தாழ 2.8 கன மீட்டர், ஏழுக்கும் 20 கன மீட்டர். தலைக்கட்டோடு சேர்த்து 26 கன மீட்டர், எடையில் 40 டன் அளவு.

கல் உடைத்த, முனையுள்ள கல்லாக இருக்க வேண்டும். உருண்ட ஆற்றுக் கல் ஒன்றோடொன்று கவ்வாது. ஒரே அளவுக் கல்லும் நல்லதல்ல. இடைவெளி பெரிதாகி வண்டல் நிற்காமல் போகும். 10 முதல் 45 சென்டிமீட்டர் வரை கலந்து, பாதிக்கு மேல் 20 சென்டிமீட்டருக்குப் பெரியதாக இருப்பது சரி. பெரியவை வெளிமுகத்திலும் வழிந்தோடியிலும் தளத்திலும், சிறியவை உள்ளே. லாரியிலிருந்து நேராகப் பள்ளத்துக்குள் சரித்துவிட்டால் கல் அளவு பிரிந்து பெரியவை ஓரம் உருண்டுவிடும். கரைமேல் இறக்கி, கையால் எடுத்து அடுக்கியதற்கு மாற்று இல்லை.

வரிசை: முதலில் கடைசித் தடுப்பு, பிறகு மேல்நோக்கி. கடைசித் தடுப்பின் கீழே படுகை தாழ்ந்தால் அந்தத் தாழ்வு மேலே ஏறி ஒவ்வொன்றாக அடியைக் குடையும். அதனால் அது கெட்டியான இடத்தில் நிற்க வேண்டும்: பாறை தெரியும் இடம், அல்லது பள்ளம் அகன்று வண்டல் பரப்பும் இடம். இன்னொரு காரணமும் உண்டு. மேலே உள்ள ஆறு தடுப்புகளும் மண்ணைப் பிடித்துக்கொண்டபின் கடைசித் தடுப்பைத் தாண்டும் நீர் தெளிவாக வருகிறது. தெளிந்த நீர் சேற்று நீரைவிடக் கூடுதலாக அரிக்கும். சுமை இல்லாததால் புதிதாக மண்ணை எடுத்துக்கொள்ளும். மேலே சொன்ன 1926 அட்டவணையிலேயே, வண்டல் கலந்த நீருக்குக் கெட்டி வண்டல்மண் வினாடிக்கு ஏறத்தாழ 1.1 மீட்டர் வரை தாங்கும், தெளிந்த நீருக்கு 0.76 மட்டுமே. எனவே கடைசித் தளத்தை மட்டும் 2.5 மீட்டராக நீட்டினோம்.

பக்கவாட்டில் சேரும் சிறு கீறல்களுக்கு இவ்வளவு வேலை தேவையில்லை. அமெரிக்காவில் பில் ஸீடிக் என்பவர் பரப்பிய ஒற்றைக்கல் தடுப்பு அங்கே போதும்: ஒரு கல் உயரத்துக்கு மேல் ஏறாமல், ஓட்டத்தின் நீளவாக்கில் மூன்று நான்கு வரிசை, நெருக்கமாக. உயரம் கூட வேண்டுமென்றால் வண்டல் நிரம்பியபின் அதன்மேல் அடுத்ததை வைக்கலாம்.

மழைக்குப் பின் பார்த்தவை

முதல் பெருமழை முடிந்தவுடன், ஈரம் காயும் முன் நடந்து பார்ப்பது அவசியம். தடயங்கள் அழியாமல் இருக்கும். மேல் மூன்று தடுப்புகளின் பின்னால் 15 முதல் 20 சென்டிமீட்டர் மணல் படிந்திருந்தது. கீழே உள்ளவற்றில் மெல்லிய வண்டல். கனமானது முதலில் விழும் என்பதால் இந்த வரிசை இயல்பு. மேல்தடுப்பில் மணல் இல்லாமல் கீழே மட்டும் இருந்தால் மேலே எங்கோ நீர் கல்லைச் சுற்றிப் போகிறது என்று பொருள்.

நான்காவது தடுப்பில் இடது தோள் 8 சென்டிமீட்டர் இறங்கி, அங்கே சருகு சிக்கியிருந்தது. பள்ளம் அந்த இடத்தில் வளைகிறது. வளைவில் வெளிக்கரைப் பக்கம் நீர்மட்டம் உயரும், ஓட்டமும் அந்தக் கரையை அழுத்தும். வளைவில் நிற்கும் தடுப்பின் வெளித்தோளை 15 சென்டிமீட்டர் கூடுதலாக உயர்த்தி, காடியையும் 80 சென்டிமீட்டர் வரை நீட்டினோம். இயன்றால் தடுப்பை வளைவுக்கு மேலே நேரான பகுதிக்கு நகர்த்துவதே மேல்.

கல் தடுப்புகள் சாவது பெரும்பாலும் நான்கு வழிகளில்தான். கரையைச் சுற்றி நீர் போவது முதல் இடம். காடி ஆழம் போதாததாலும், வழிந்தோடி கரைகளைவிடத் தாழ்வாக இல்லாததாலும் வருவது. நடு தாழ்ந்து ஓரம் உயர்ந்து இருக்க வேண்டும் என்பதை மறந்து, உச்சியை நூல் பிடித்துச் சமமாகக் கட்டியவை எல்லாம் இப்படித்தான் போகின்றன. அடுத்தது தளத்தின் கடைசியில் குழி விழுந்து கல் ஒவ்வொன்றாக உள்ளே உருள்வது. மூன்றாவது, வடிகட்டு அடுக்கு இல்லாமல் அடியில் மண் கரைவது. தடுப்புக்கு மேலே வண்டலில் சுழல் போன்ற குழி தெரிந்தால் இதுதான். வண்டலைத் தோண்டி, சரளையும் மணலும் போட்டு அடைக்க வேண்டும், சிமென்ட் பூசி அடைக்கக் கூடாது. நான்காவது, இந்தச் சிமென்ட்தான். கல் தடுப்பு நீரைக் கசியவிட்டு, உட்கார்ந்து, தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். பூச்சு போட்டால் ஒரு இடத்தில் விரிசல் விட்டு, மொத்தமாகப் புரளும். இருக்கும் நீர் அழுத்தத்தைத் தாங்கும்படி முறையாக வடிவமைத்த சுவர் என்பது வேறு வேலை.

2 மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளம், ஆண்டு முழுவதும் ஊற்றுநீர் கசியும் பள்ளம், சாலைக்கோ வீட்டுக்கோ அருகில் ஏறும் தலை ஆகியவற்றுக்கு இந்த முறை போதாது. கம்பிவலைக் கூடைகளோ கட்டுமானப் படிகளோ பொறியாளர் கணக்கோடு வேண்டும்.

செடி

வண்டல் படிந்த இடம்தான் நடுவதற்கு ஏற்ற இடம். ஈரம் அங்கே நிற்கும். வெட்டிவேர்த் தூர்களைப் பிரித்து, இரண்டு மூன்று தண்டாக, 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில், ஓட்டத்துக்குக் குறுக்கே இரட்டை வரிசை நட்டோம். இடைவெளி விட்டு நட்டால் நீர் அந்த இடைவெளியிலேயே சேர்ந்து வேகமெடுக்கும். ஒரு தூர் பட்டுப்போனாலும் அடுத்த ஈரத்திலேயே நிரப்ப வேண்டும். வழிந்தோடியிலும் தளத்திலும் மரக்கன்று கூடாது. தண்டு பருத்தால் கல்லைப் பிளக்கும், ஓட்டத்தை ஓரத்துக்குத் தள்ளும். கரைகளின் செங்குத்து விளிம்பை 1.5க்கு 1 ஆகச் சரித்து, உள்ளூரில் தானாக முளைக்கும் புல்லின் விதையை மண்ணோடு கலந்து தூவி, மேலே சருகு பரப்பினோம். செங்குத்துச் சுவரில் விதை நிற்காது.

பராமரிப்பில் முதல் இரண்டு மழைக்காலங்கள் முக்கியம். ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் வழிந்தோடியில் சிக்கிய கிளைகளை எடுப்பது, இறங்கிய தோளை உயர்த்துவது, தளத்தின் கடைசியில் விழுந்த குழியில் கல் இடுவது: இந்த மூன்றும் போதும். இதற்காகவே மொத்தக் கல்லில் பத்தில் ஒரு பங்கைக் கரைமேல் குவித்து விட்டிருக்கிறோம். தடுப்பு வண்டலால் நிரம்பியபின் அதைத் தூர்வாரக் கூடாது; நிரம்பிய வண்டல்தான் புதிய படுகை. அதன் சரிவை மறுபடி அளந்து, 3 சதவீதத்துக்கு மேல் இருந்தால், இரண்டு தடுப்புகளுக்கு நடுவில் ஒற்றைக்கல் வரிசை ஒன்று சேர்த்துக்கொள்ளலாம்.